எண்ணப்பட்ட வாக்கும் எண்ணப்படாத கருத்தும்

வாக்கு ஓர் அமானிதம். அமானிதத்தை ஒப்படைத்தவர், அது உரிய இடம் சேர்ந்ததா என்று கேட்க உரிமையுடையவர். வாக்காளரின் கருத்தைக் கட்சிகள் எவ்வளவு தூரம் சட்டமன்றங்களில் பிரதிபலிக்கின்றன என்னும் வினாவும் அத்தகையதே. நம் அரசியல் நிர்ணய சபையிலேயே இவ்வினா எழுந்தது. எழுப்பியவர்களில் முஸ்லிம் உறுப்பினர்கள் முன்னின்றனர் என்பதை நம் இளைய தலைமுறை அறிதல் நலம்.

1909ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வழங்கியிருந்தது. 1947 ஆகஸ்டில் நிர்ணய சபை அதனைக் கைவிட்டு, கூட்டுத் தொகுதியில் இட ஒதுக்கீடு என முடிவு செய்தது. 1949 ஜனவரியில் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த காஜி சையித் கரீமுத்தீனும், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மஹ்பூப் அலி பேக் சாஹிபும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை வலியுறுத்தினர். நூற்றுக்கு நாற்பது பேர் ஆதரிக்கும் கட்சிக்கு ஏறத்தாழ நாற்பது இடங்களே கிடைக்கச் செய்வது அம்முறை. அது சமயச் சிறுபான்மையினருக்கு மட்டுமன்று, எல்லாக் கருத்துச் சிறுபான்மையினருக்கும் பயன் தருவது.

டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அது பொருந்தாது என்றும், சபை பல துண்டுகளாகிவிட்டால் ஆட்சி நிலைக்காது என்றும் அவர் கூறினார். சிறுபான்மையினருக்குத் திட்டமான ஒதுக்கீடு ஏற்கெனவே உண்டு என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் அவ்வொதுக்கீடும் நீக்கப்பட்டது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் நீக்கத்தை வரவேற்றனர் என்பதையும் நாம் மறைத்தல் முறையன்று. எவ்வாறாயினும், ஒரு கதவு மூடப்பட்டபோது காட்டப்பட்ட மறுகதவும் நான்கே மாதங்களில் மூடப்பட்டது.

விளைவு முதல் பொதுத் தேர்தலிலேயே தெரிந்தது. 1952இல் காங்கிரஸ் பெற்ற வாக்கு நூற்றுக்கு 45. பெற்ற இடங்களோ 489இல் 364. சோஷலிஸ்ட் கட்சி நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாக்குப் பெற்றும் 12 இடங்களே அடைந்தது. நூற்றுக்கு மூன்று பெற்ற கம்யூனிஸ்டுகளுக்கு 16 இடங்கள்! ஆதரவாளர் ஓரிடத்தில் திரண்டிருந்தால் வெற்றி, சிதறியிருந்தால் தோல்வி என்பதே இக்கணக்கின் இரகசியம். முஸ்லிம்கள் திரளாக வாழும் மஞ்சேரியில் காயிதே மில்லத் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். சமுதாயம் சிதறி வாழும் ஊர்களில் அது எளிதன்று. 2014இல் உத்தரப் பிரதேசத்தின் 80 தொகுதிகளில் ஒரு முஸ்லிமும் வெல்லவில்லை. அதே தேர்தலில் அம்மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வாக்குப் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கும் ஓரிடமும் இல்லை. ஆகவே இது ஒரு சமுதாயத்தின் முறையீடு மட்டுமன்று.

விந்தை யாதெனில், மக்களவைக்கு மறுக்கப்பட்ட விகிதாசார முறையையே நம் அரசியல் சட்டம் மாநிலங்களவைத் தேர்தலுக்கு விதித்துள்ளது. காயிதே மில்லத் 1952 முதல் 1958 வரை அவ்வவையில் அமர்ந்தது அம்முறையின் வழியேதான்.

ஆட்சி நிலைக்க வேண்டும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. பல கட்சிகளின் தயவில் நிற்கும் அரசு தடுமாறுவதும் உண்டு. ஜெர்மனி தொகுதி முறையையும் விகிதாசாரத்தையும் இணைத்து, நூற்றுக்கு ஐந்து வாக்கு என்னும் வரம்பும் வைத்து இதற்கு வழி கண்டது. எழுத்தறிவுக் காரணமோ மெல்ல மெல்ல வலுவிழந்தது. 1951இல் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த எழுத்தறிவு 2011இல் எழுபதைத் தாண்டியது.

வென்ற கட்சி, தனக்கு வாக்களிக்காதோரின் கருத்தும் நாட்டின் கருத்தே என உணர்தல் வேண்டும். கலந்தாலோசனையை, ஷூராவை, நெறியாகப் பெற்ற நாம், 1949இல் நம் முன்னோர் எழுப்பிய வினாவை மறவாது, எல்லோருக்குமாக அதை மீண்டும் கேட்போமாக!