குறியேற்ற மாற்றமும் தமிழ்த் தரவுப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மென்பொருளைப் புதுப்பித்த பின், ஒரு கோப்பு வட்டில் அப்படியே இருந்தும் படிக்க இயலாததாகிவிடலாம். 1990களில் தமிழில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகளும் இலக்கியப் பதிப்புகளும் ஒருங்குறிக்கு மாறிய வரலாறு இதற்குச் சான்றாகும். அம்மாற்றத்தில் எழுத்துகள் சிதைந்த முறையையும் அதனால் ஆய்வுக்கு நேரும் இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தரங்களின் வரலாறு

தொடக்ககால எழுத்துருக்கள், ரோமன் எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமைத்தன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டது. இவ்வேறுபாட்டைக் களையும் நோக்கில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழி டாம், டாப் ஆகிய தரங்கள் உருவாயின. இணைய ஆர்வலர்கள் வகுத்த திஸ்கியும் வழக்கில் இருந்தது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறி, விண்டோஸ் 2000 முதலிய இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே பரவத் தொடங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 முறையையும் தரங்களாக ஏற்றது.

சிதைவின் இயல்பு

பழைய கோப்புகளில் குறியேற்றத்தை அறிவதற்கு எழுத்துருவின் பெயரே பெரும்பாலும் ஒரே அடையாளம். உரையை மட்டும் படியெடுத்தால் அவ்வடையாளம் நீங்கிவிடும். மேலும், அக்கோப்புகள் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று குறிகளாக அமைந்தது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். எனவே, மாற்றி மென்பொருள் குறிகளின் வரிசையையும் திருத்த வேண்டியிருந்தது.

ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கு ளகரத்தையே பயன்படுத்திய எழுத்துருக்களில் இடர் மிகுதி. ‘பௌத்தம்’ என்பது ‘பெளத்தம்’ என மாறினால் வாசகர் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆயினும் முன்னதைத் தேடுவோர்க்குப் பின்னது கிடைக்காது. இத்தகைய இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றினால் ‘கெளுத்தி’ போன்ற சொற்கள் சிதையும். இவ்வாறு உருவான தரவிலிருந்து தொகுக்கப்படும் சொல்லடைவும் சொல் எண்ணிக்கையும் பிழைபடும்.

முடிவுரை

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஒருங்குறிக்கு மாறிய பின்னரும் தன் நூல்களின் திஸ்கி வடிவங்களை உடன் வழங்கியது. ஐயம் எழும்போது மூலத்தோடு ஒப்பிட இது வழிசெய்கிறது. ஆய்வாளர்களும் மூலக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் சேர்த்துப் பேணுதல் வேண்டும். மாற்றியின் பெயரையும் பதிப்பையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒற்றைக்கொம்பை அடுத்து ளகரம் வரும் சொற்களையேனும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது.