இலங்கை உள்நாட்டுப் போர்: காரணங்கள் குறித்த விவாதங்களும் கொடிகளும்

இலங்கை உள்நாட்டுப் போர் 1983 ஜூலை முதல் 2009 மே வரை இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கும் இடையே நடைபெற்ற போர். தொடக்க ஆண்டுகளில் வேறு பல தமிழ்ப் போராளி இயக்கங்களும் இதில் பங்கெடுத்தன. போரில் இறந்தவர்களின் தொகை 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. ஆயுதப் போர் முடிந்த பின்னரும் அது ஏன் தொடங்கியது, எப்போது தொடங்கியது என்னும் கேள்விகளில் வரலாற்றாசிரியர்களிடையே உடன்பாடு இல்லை. அந்த விவாதம் நூல்களோடு நிற்காமல், இலங்கையின் சிங்கக் கொடி, விடுதலைப் புலிகளின் புலிக்கொடி, சுதந்திர நாளன்று ஏற்றப்படும் கருங்கொடி ஆகியவற்றின் வழியாகப் பொதுவாழ்விலும் தொடர்கிறது.

பெயரும் தொடக்க நாளும்

இந்தப் போருக்கு எல்லாத் தரப்பினரும் ஏற்றுக்கொண்ட பெயர் இல்லை. பன்னாட்டு நூல்கள் உள்நாட்டுப் போர் என்கின்றன. தமிழ்த் தேசியவாதிகள் ஈழப்போர் என்றும் விடுதலைப் போராட்டம் என்றும் குறிப்பிடுகின்றனர். இலங்கை அரசு பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்றது. இறுதிக்கட்டப் போரை மனிதாபிமான நடவடிக்கை என்று அழைத்தது.

தொடக்க நாளிலும் இதே வேறுபாடு உண்டு. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டதையும், அதைத் தொடர்ந்து கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்கள் மீது நடந்த கறுப்பு ஜூலை வன்முறையையும் பெரும்பாலான நூல்கள் தொடக்கமாகக் கொள்கின்றன. போரை முதன்மையாகப் பயங்கரவாதச் சிக்கலாகக் காண்பவர்கள், யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்ட 1975-ஐச் சுட்டுவதுண்டு. அரசின் பாகுபாட்டையே காரணமாகக் கொள்பவர்கள் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய 1956-க்கோ, மலையகத் தமிழர்களின் குடியுரிமை பறிக்கப்பட்ட 1948-க்கோ செல்கின்றனர். ஓர் ஆய்வாளர் எந்த ஆண்டிலிருந்து கதையைத் தொடங்குகிறார் என்பதிலிருந்தே அவர் எதைக் காரணமாகக் கருதுகிறார் என்பதை ஊகித்துவிடலாம்.

காரணங்கள் குறித்த பார்வைகள்

அரசும் சட்டங்களும்

இனப்பாகுபாட்டை முதன்மைக் காரணமாகக் கொள்ளும் பார்வை, சுதந்திரத்துக்குப் பிந்தைய சட்டங்களை வரிசைப்படுத்துகிறது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆனது. 1957 ஜூலையில் பண்டாரநாயக்கவும் சா. ஜே. வே. செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் பிக்குகளின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1965-இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை. 1972-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. அங்கிருந்த சுமார் 97,000 நூல்கள் அழிந்தன.

ஏ. ஜெயரத்தினம் வில்சன், நீல் டிவோட்டா ஆகியோரின் ஆய்வுகள் இந்த வரிசையை முன்வைக்கின்றன. பெரும்பான்மையினரின் வாக்கைப் பெறச் சிங்களக் கட்சிகள் ஒன்றையொன்று விஞ்ச முயன்றதே மிதவாதத் தமிழ்த் தலைமையைச் செல்லாக்காசாக்கியது என்பது டிவோட்டாவின் வாதம்.

கல்வியும் வேலையும்

இரண்டாவது பார்வை பொருளியல் போட்டியை முன்னிறுத்துகிறது. பிரித்தானியர் காலத்தில் மிஷனரிப் பள்ளிகள் வழியாக ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள் அரசுப் பணிகளில் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்தனர். அதைச் சரிசெய்வதாகக் கூறியே 1970-களில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டது. முதலாண்டில் பொறியியல் படிப்புக்குச் சிங்களவழி மாணவர்களுக்கு 227 மதிப்பெண் போதுமானதாக இருக்க, தமிழ்வழி மாணவர்களுக்கு 250 தேவைப்பட்டது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய பகுதிகளின் தமிழ் மாணவர்களுக்கும் உதவியது எனச் சிங்கள ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர். ஆயினும் வாய்ப்பை இழந்த யாழ்ப்பாண இளைஞர்களிடம் அது ஏற்படுத்திய கசப்பு இயக்கங்களுக்கு ஆள் சேர்த்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

1971-இலும் 1987-89 ஆண்டுகளிலும் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய கிளர்ச்சிகளில் ஈடுபட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். படித்து வேலையற்றுப்போன தலைமுறை இரு மொழிகளிலும் ஆயுதம் ஏந்தியதை இனப்பகையைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது என இப்பார்வை கூறுகிறது. தெற்கின் கிளர்ச்சி ஆட்சியைக் கைப்பற்ற முயன்றது, வடக்கின் கிளர்ச்சி நாட்டைப் பிரிக்க முயன்றது. இந்த வேறுபாட்டுக்கு வேலையின்மையில் விடை இல்லை என்பது அதற்கான மறுப்பு.

இயக்கங்களின் பொறுப்பு

மூன்றாவது பார்வை போர் தொடங்கிய காரணத்தையும் அது நீடித்த காரணத்தையும் பிரித்துப் பார்க்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களான ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கோ. ஸ்ரீதரன், ராஜினி திராணகம ஆகியோர் எழுதிய 'முறிந்த பனை' இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய மூன்று தரப்பின் வன்முறையையும் பதிவு செய்தது. ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதைச் செய்ததாக அவருடைய சக ஆசிரியர்கள் குற்றம்சாட்டினர். பிற இயக்கங்களை அழித்ததும், அமிர்தலிங்கம் போன்ற மிதவாதத் தலைவர்களைக் கொன்றதும், 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியதும் அரசியல் தீர்வுக்கான வழிகளை அடைத்தன என்பது இப்பார்வையின் சாரம். அரசின் பாகுபாட்டை இவர்கள் மறுப்பதில்லை.

சிங்கக் கொடி

கண்டி அரசின் கொடியில் இருந்த வாளேந்திய சிங்கமே இன்றைய இலங்கைக் கொடியின் மூலம். 1815-இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்தது. அப்போது ஆண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் மரபினன். கொடி இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் செல்சீ அரச மருத்துவமனையில் அதைக் கண்டறிந்த ஈ. டபிள்யூ. பெரேரா, சிங்களக் கொடிகள் பற்றிய தம் நூலை 1916-இல் வெளியிட்டார். சிங்கத்தின் வழித்தோன்றல்கள் சிங்களவர் என்னும் மகாவம்சக் கதையோடு இந்த அடையாளம் எளிதில் பொருந்தியது. அந்த அடையாளம் எல்லாக் காலத்திலும் எல்லாச் சிங்களவரையும் குறித்ததா என்பதே விவாதத்துக்குரியது. ஆர். ஏ. எல். எச். குணவர்தன 1979-இல் அதைக் கேள்விக்குட்படுத்த, கே. என். ஓ. தர்மதாச மறுத்து எழுதினார்.

1948 ஜனவரியில், சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினரான ஏ. சின்னலெப்பை என்னும் முஸ்லிம். தமிழ் உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தனர். இதைத் தொடர்ந்து பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன், டி. பி. ஜாயா ஆகியோரும் இருந்தனர். முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழர்களுக்குக் காவி என இரு பட்டைகளைச் சேர்க்கக் குழு பரிந்துரைத்தது. நடேசன் உடன்படவில்லை. பட்டைகள் சிங்கம் நிற்கும் பரப்புக்கு வெளியே தனியாக வைக்கப்பட்டதால் அது ஒற்றுமையின் அடையாளமாகாது என்பது அவர் கருத்து. 1951 மார்ச்சில் நாடாளுமன்றம் கொடியை ஏற்றது. 1972-இல் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் சேர்ந்தன.

இந்தக் கொடியை இருவகையாக வாசிக்கிறார்கள். அரசின் விளக்கப்படி பட்டைகள் சிறுபான்மையினருக்கு அளிக்கப்பட்ட இடம். தமிழ்த் தேசியவாதிகளின் வாசிப்பில் சிங்கம் பட்டைகளை நோக்கி வாளை ஓங்கி நிற்கிறது. சிங்களத் தீவிரவாதக் குழுக்கள் சிலவற்றுக்கோ அந்தப் பட்டைகளே மிகை. 2015-இல் கொழும்பில் நடந்த ஒரு போராட்டத்தில் பட்டைகள் நீக்கப்பட்ட சிங்கக் கொடி தூக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 'சிங்ஹலே' என்னும் ஒட்டுப்படங்கள் வாகனங்களில் பரவின.

கருங்கொடியும் புலிக்கொடியும்

பிப்ரவரி 4 சுதந்திர நாளில் கருங்கொடி ஏற்றும் வழக்கம் தனிச் சிங்களச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டிலிருந்தே காணப்படுகிறது. 1957-இல் திருகோணமலையில் கருங்கொடி ஏற்ற முயன்ற நடராஜன் என்னும் இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆயுத இயக்கங்கள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கொடிக்காக ஓர் உயிர் போயிருந்தது.

விடுதலைப் புலிகளின் புலிச் சின்னத்தை 1970-களின் பிற்பகுதியில் வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் நடராஜன். சிவப்புப் பின்னணியில் தோட்டாக்களின் வளையத்திலிருந்து உறுமும் புலித்தலையும் இரு துப்பாக்கிகளும் அதில் உள்ளன. யாழ்ப்பாண அரசின் அடையாளம் நந்தி; புலியோ சோழர்களின் இலச்சினை. தம் மண்ணின் அரசின் அடையாளத்தை விட்டுவிட்டு, கடல் கடந்து படையெடுத்த பேரரசின் அடையாளத்தை இயக்கம் எடுத்துக்கொண்டது கவனத்துக்குரியது. சிங்கத்துக்கு எதிரே நிறுத்தப் புலி பொருத்தமாக இருந்தது. சோழப் படையெடுப்பின் நினைவைப் பாடநூல்களில் படித்த சிங்களவர்களுக்கு அதே புலி பழைய அச்சத்தைக் கிளறியது. 1990 முதல் எழுத்துகள் நீக்கப்பட்ட வடிவத்தைத் தமிழீழத் தேசியக் கொடி என இயக்கம் அறிவித்தது. இயக்கத்தை ஏற்காத தமிழர்களும், வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்வதில்லை.

உலகச் சூழல்

உள்நாட்டுப் போரின் காரணம் குறித்த சண்டை கொடியில் வந்து முடிவது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) மாநில உரிமைக்காக நடந்தது என்று தென்மாநிலங்களில் பல தலைமுறைகள் கற்பிக்கப்பட்டன. ஆனால் பிரிந்து சென்றபோது மிசிசிப்பி வெளியிட்ட அறிவிப்பே அடிமை முறையைக் காரணமாகக் கூறியது. 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் ஒன்பது பேர் கொல்லப்பட்ட பின்னரே தென் கரோலினா தன் அரசு வளாகத்திலிருந்து கூட்டமைப்புப் போர்க்கொடியை இறக்கியது. மிசிசிப்பி 2020-இல் தன் மாநிலக் கொடியை மாற்றியது.

இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் தோற்ற தரப்பு அடிமை முறையைக் காக்கப் போரிட்டது. இலங்கையில் தோற்ற தரப்பு சிறுபான்மையினரின் பெயரால் போரிட்டது. அவர்களுடைய குறைகள் பல இன்றும் தீர்க்கப்படவில்லை. எனவே ஒன்றின் தீர்வை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

போருக்குப் பின்

2009-க்குப் பின் மே மாதம் இரண்டு வகையாக நினைவுகூரப்படுகிறது. தெற்கில் அது படைவீரர்களுக்கான விழா. வடக்கில் மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள். புலிக்கொடி இலங்கையில் தடைசெய்யப்பட்டிருப்பதால் மாவீரர் நாளில் சிவப்பு, மஞ்சள் நிறக் கொடித்தோரணங்களும் கார்த்திகைப்பூவும் அதன் இடத்தைப் பிடித்தன. அந்த நிறங்களுக்கும் காவல்துறை தடை போட்டதுண்டு. செங்காந்தள் என்னும் பெயரில் அதே பூ தமிழ்நாட்டின் மாநில மலராகவும் உள்ளது.

2012 மே நாளில் யாழ்ப்பாணத்தில் ரணில் விக்கிரமசிங்கவுடன் மேடையில் நின்ற இரா. சம்பந்தன் சிங்கக் கொடியைக் கையில் பிடித்தார். அவர் கட்சிக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. 2017 நவம்பரில் வடமாகாணக் கல்வி அமைச்சர் க. சர்வேஸ்வரன் வவுனியாவில் ஒரு பள்ளி விழாவில் தேசியக் கொடியை ஏற்ற மறுத்தார். தெற்கிலிருந்து கண்டனம் எழுந்தது. கொடியைப் பிடித்தவர் ஒரு தரப்புக்குத் துரோகி, பிடிக்காதவர் மறுதரப்புக்குத் துரோகி என்னும் நிலை போர் முடிந்த பின்னும் மாறவில்லை. 2016-இல் சுதந்திர நாள் விழாவில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது நம்பிக்கை அளித்தது. 2020-இல் அது நிறுத்தப்பட்டது.

தமிழகத்தில்

1983 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் ஏதிலிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் ஆகிய இடங்களில் முகாம்கள் உள்ளன. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. இந்தியாவில் 1992 முதல் விடுதலைப் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் 2010-இல் அரசியல் கட்சியான நாம் தமிழர் கட்சியின் கொடியில் புலி இடம்பெற்றுள்ளது. தமிழகத்தில் அந்தப் புலி பெரும்பாலும் சோழப் பெருமிதமாகவும் இன உணர்வாகவும் பார்க்கப்படுகிறது. முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முன்னால் இருப்பது வேறொரு கேள்வி. இந்தியக் குடியுரிமை பெறாமல், பெற்றோர் விட்டுவந்த நாட்டையும் பார்க்காமல் வளர்ந்த அவர்கள் எந்தக் கொடிக்கு உரியவர்கள் என்பதற்கு இரு நாட்டுச் சட்டங்களும் இன்னும் முழுமையான விடை தரவில்லை.