உரமிட்ட வள்ளிக்கிழங்கும் சேமிப்புக் காலமும்: நைஜீரிய ஆய்வுகள் வந்த வழி

மேற்கு ஆப்பிரிக்காவின் வள்ளிக்கிழங்கு வட்டாரத்தில் உழவர்கள் பரவலாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. உரம் போட்டால் கிழங்கு பெருக்கும். ஆனால் தாங்காது, இடித்துக் களியாக்கினால் பழைய பசையும் இராது. ஆய்வு நூல்களில் இது பெரும்பாலும் ‘உழவர் நம்பிக்கை’ என்ற அளவிலேயே பதிவாகியிருக்கிறது. நம்பிக்கை என்று பெயரிட்டுவிட்டால் சோதிக்க வேண்டியதில்லை அல்லவா! உண்மையில் உழவர் கூற்றும் வயல் சோதனை முடிவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒரு தரப்பு அறுவடையன்று எடை போட்டது. மறு தரப்பு நான்கைந்து மாதம் கழித்துக் கொட்டகையில் மிஞ்சியதை எண்ணியது.

இங்கே பேசப்படுவது முதன்மையாக வெள்ளை வள்ளி, அதாவது டயாஸ்கோரியா ரொட்டண்டேட்டா. யாழ்ப்பாணத்து இராசவள்ளி இதே பேரினத்தைச் சேர்ந்த டயாஸ்கோரியா அலாட்டா. சேனைக்கிழங்குக்கு இவற்றோடு உறவில்லை. உலக விளைச்சலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில் விளைவதால் ஆய்வின் களமும் பெரும்பாலும் அதுவே.

பழைய முறையில், நெடுநாள் தரிசாகக் கிடந்த காட்டை வெட்டி எரித்ததும் முதலில் நடும் பயிர் வள்ளி. சாம்பலும் இலைமக்கும் செறிந்த மண்ணைக் குவியலாகக் கூட்டி நட்டார்கள். தோண்டிய கிழங்குகளை நட்டுவைத்த கம்புகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிற்றால் கட்டி நிறுத்தினார்கள். இதுவே வள்ளிக் கொட்டகை. கம்புகளில் சில வேர்பிடித்துத் தழைத்து நிழலும் தந்தன. காற்று புகும், அழுகியது கண்ணில் படும், முளைவிட்டதைக் கையாலேயே கிள்ளிவிடலாம். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை தோண்டியது, அடுத்த நடவுக்கு விதையாகவும் புதுக்கிழங்கு வரும் ஜூலை, ஆகஸ்டு வரை உணவாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே கொட்டகையில் தாங்காத கிழங்கு, உழவர் கணக்கில் பாதி விளைந்த கிழங்குதான்.

கிழக்கு நைஜீரியாவில், மக்கள் நெருக்கம் மிகுந்த இக்போ நாட்டில் தரிசுக் காலம் சுருங்கியபோது மண் இளைத்தது. உரத்தின் தேவை அங்கிருந்தே எழுந்தது. அப்பகுதியில் 1947 முதல் 1951 வரை நடந்த உரச் சோதனைகளை இர்விங் 1956இல் வெளியிட்டார். அவை விளைச்சல் சோதனைகள். சேமிப்பு இழப்பை வேறொரு துறை கவனித்தது. சேமிப்புப் பொருள் ஆய்வாளரான கோர்சி, நைஜீரிய வள்ளியின் சேமிப்பு இழப்பின் அளவையும் காரணங்களையும் 1961இல் தனிக் கட்டுரையாக எழுதினார். 1967இல் அவருடைய வள்ளிக்கிழங்கு நூல் வந்தது. மண்ணை ஆராய்ந்தவர் கொட்டகைக்குள் வரவில்லை. கொட்டகையை ஆராய்ந்தவருக்குக் கிழங்கு எந்த வயலிலிருந்து வந்தது என்பது முதன்மைக் கேள்வியாக இல்லை. 1976இல் ‘நாட்டுக்கு உணவூட்டும்’ இயக்கத்தோடு அரசே உரத்தை ஊக்குவித்த பிறகு இந்தப் பிரிவு உறுத்தலாயிற்று. 1980 செப்டம்பரில் இபாதானில் கூடிய வெப்பமண்டலக் கிழங்குப் பயிர் மாநாட்டில், கெபெக்லோ, ஓபிக்பேசன், வில்சன் மூவரும் அளித்த கட்டுரை எடையையும் சேமிப்புக் காலத்தையும் உரத்தோடு சேர்த்தே கேட்டது.

உரம் கிழங்கை நஞ்சாக்குவதில்லை. அதன் வேலை மறைமுகமானது. தழைச்சத்து மிகுந்தால் கொடி பசுமையாகவே நிற்கும், முதிர்வு தள்ளிப்போகும். அந்த நிலையில் தோண்டினால் தோல் இறுகியிராது, நீர் கூடுதலாகவும் மாவு குறைவாகவும் இருக்கும். யூரியா கூடிய சின்ன வெங்காயம் பட்டறையில் தாங்காது என்பதைப் பெரம்பலூர்ப் பக்கத்து உழவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறத்தாழ அதே கதை. சாம்பல் சத்து போதிய அளவு இருந்தால் மாவு சேர்வதற்கு அது துணைநிற்கும்.

பருமன் இருபக்கமும் வெட்டும். பெரிய கிழங்குக்கு எடையை நோக்க மேற்பரப்பு குறைவு. காயம் படாதிருந்தால் நீரிழப்பும் குறைவு. ஆனால் பெரிய கிழங்கைக் கீறாமல் தோண்டுவது கடினம். மண்வெட்டி பட்ட இடத்தில்தான் லேசியோடிப்ளோடியா, பெனிசிலியம், ஃபியூசேரியம் ஆகிய பூஞ்சைகள் நுழைகின்றன. இதற்கிடையே ஸ்குட்டெல்லோனீமா பிராடிஸ் என்ற நூற்புழு வயலிலிருந்து கிழங்கோடு கொட்டகைக்கு வந்து, அங்கும் பெருகி, தோலடியில் உலர் அழுகலை உண்டாக்குகிறது. நூற்புழுவைக் கணக்கில் எடுக்காமல் உரமிட்டதையும் இடாததையும் ஒப்பிட்ட சோதனைகளை நான் பெரிதாக நம்புவதில்லை.

உருளைக்கிழங்கின் விதிகளை இங்கே கொண்டுவருவதும் ஆபத்து. உருளையின் உறக்கத்தை, அதாவது முளைவிடாத நிலையை, கலைக்கும் ஜிப்பெரெல்லிக் அமிலம், வள்ளியின் உறக்கத்தை நீட்டிக்கிறது. உறக்கம் கலைந்து முளைவிட்ட கிழங்கு வேகமாக எடை இழக்கும்.

இவற்றை வைத்துப் பார்க்கையில், உரத்தின் அளவைவிட அதை இடும் காலத்தையே முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. நட்ட முதல் சில வாரங்கள் கொடி விதைத்துண்டின் இருப்பிலேயே வளர்கிறது. அதன் பிறகுதான் வேர்கள் மண்ணிலிருந்து மிகுதியாக எடுக்கின்றன. அப்போது இடும் தழைச்சத்து கொடிக்குப் பயன்படும். கிழங்கு பருக்கும் கடைசிக் கட்டத்தில் இட்டால், வறட்சி வந்தும் கொடி காயாது. வியாபாரி லாரியோடு வந்து நிற்கும்போது அது காயும்வரை காத்திருக்க உழவரால் முடிவதில்லை. பச்சைக் கொடியோடு தோண்டிய கிழங்குதான் கொட்டகைக்குப் போகிறது.