ஆங்கிலச் சட்டத்தின் மையப் பாடங்கள்: வரலாற்று நோக்கில் ஒரு குறிப்பு

ஆங்கிலச் சட்டத்தைப் பயிலத் தொடங்கும் மாணவன் முதலில் எதிர்கொள்வது பாடப் பகுப்பினையே. அரசியலமைப்பு, ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், காணிச் சட்டம் என்னும் ஐந்தினையும் மையப் பாடங்களாக ஒம்ரொட் குழு 1971இல் வகுத்தது. இப்பகுப்புச் சட்டத்தின் இயல்பிலேயே அமைந்ததென மாணவன் கொள்வான். ஆயின், அதன் வயது அதிகமன்று.

1758இல் ஒக்ஸ்போர்டில் ஆங்கிலச் சட்டத்தின் முதற் பேராசிரியராக அமர்ந்த பிளாக்ஸ்ரன், 1765 முதல் 1769 வரை நான்கு தொகுதிகளை வெளியிட்டார். அவற்றில் ஒப்பந்தம் ஆதனத்தைப் பெறும் வழிகளுள் ஒன்றாக, சில பக்கங்களுள் அடங்கிவிடுகின்றது. எசமான் - வேலையாள் தொடர்போ கணவன் - மனைவி, தந்தை - பிள்ளை உறவுகளுக்கு அருகே வைக்கப்பட்டுள்ளது. நிலவுடைமைச் சமுதாயத்தின் நோக்கு அது. ஒப்பந்தம் பற்றிப் பொலக் 1876இலும் அன்சன் 1879இலும், தீங்கியல் பற்றிப் பொலக் 1887இலும் எழுதிய நூல்களே மாணவரின் பாடங்களுக்கு இன்றைய வடிவினைத் தந்தன. வழக்கறிஞருக்கான கைந்நூல்கள் முன்னரும் இருந்தன என்பது உண்மையே.

இவ்விரு காலங்களுக்குமிடையே நிகழ்ந்தது கைத்தொழிற் புரட்சி. 1837ஆம் ஆண்டின் பிறீஸ்ற்லி எதிர் பௌளர் வழக்கினை இங்கு நோக்குதல் தகும். இறைச்சி வணிகர் ஒருவரின் வேலையாளான பிறீஸ்ற்லி, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து, தொடையெலும்பு முறிந்தவர். லிங்கன் நகர யூரர்கள் அவருக்கு நூறு பவுண் இழப்பீடு வழங்கினர். மேல் மன்றில் அபிஞ்சர் பிரபு அதனை மறுத்தார். எசமானைப் பொறுப்பாளியாக்கினால், பணிப்பெண் ஈரப் படுக்கை விரித்தாலும் சமையற்காரர் தவறினாலும் அவனே பொறுப்பேற்க நேருமென்பது அவரது வாதங்களுள் ஒன்று. இலக்கிய மாணவர்களாகிய எமக்கு இவ்வுவமானங்களே முதலிற் கண்ணிற் படுகின்றன. அவை யாவும் செல்வர் மனையிலிருந்து பெறப்பட்டவை. ஆலையோ சுரங்கமோ அவற்றில் இல்லை. எனினும் 1850இல் புகையிரதத் தொழிலாளிக்கும் இதே நியாயம் பொருத்தப்பட்டது. உடன் பணிபுரிவோரின் கவனயீனத்தால் விளையும் ஆபத்தினைத் தொழிலாளி ஒப்பந்தத்தின் மூலமே ஏற்றுக்கொண்டான் என்றனர். காயம் தீங்கியலுக்குரியது, பரிகாரத்தை அடைத்ததோ ஒப்பந்தம். இக்கோட்பாடு 1948இலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது.

ஆபத்தெனின் வேலையாள் மறுத்திருக்கலாம் என்றும் அபிஞ்சர் கூறினார். ஆனால் 1823ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒப்பந்த காலம் முடியுமுன் பணியைக் கைவிட்ட தொழிலாளரைச் சிறையிலிட முடிந்தது. 1875 வரை இந்நிலை நீடித்தது. ஒப்பந்தத்தை மீறிய எசமான் பணம் செலுத்தினாற் போதும். ஒரே ஒப்பந்தம் ஒருவனுக்குக் குடியியல், மற்றவனுக்குக் குற்றவியல்! இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இவ்வழியிலேயே மலையகத் தோட்டத் தொழிலாளரைப் பிணித்தது.

இவற்றைக் கொண்டு சட்டம் முழுவதும் ஆளும் வர்க்கத்தின் முகமூடியே என்று எம்மவர் சிலர் முடித்துவிடுவர். ஈ. பி. தொம்சன் 1975இல் வெளியிட்ட ஆய்வில் இம்முடிவினை மறுத்தார். சட்டம் ஆள்வோரையும் ஓரளவு கட்டுப்படுத்தியது என்பது அவரது கருத்து. அவரோடு நாம் உடன்படுகின்றோம். லிங்கன் யூரர்கள் வழங்கிய நூறு பவுண் மேல் மன்றிற் பறிபோயிற்று எனினும், அதனைக் கேட்பதற்கு ஒரு மன்று இருந்தது.