எத்தனை பேர் கொள்ளும்?

குடும்பத்துடன் கடலில் சுற்றிவர ஒரு சிறிய மோட்டார் படகு வாங்க எண்ணுகிறவர், விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி அதில் எத்தனை பேர் ஏறலாம் என்பதுதான். விற்பவர் ஓர் எண் சொல்வார். கட்டியவர் மனத்தில் வேறோர் எண் இருக்கும். உண்மையான எண் எதுவென்று பெரும்பாலும் யாருக்கும் தெரியவருவதில்லை. அது தெரியவரும் நாள் வாய்க்காமல் இருப்பதே நல்லது. சார்லஸ் லைட்டோலருக்கு அப்படிப்பட்ட நாள் வாழ்வில் இருமுறை வாய்த்தது. முதல் முறை படகுகள் அவருடையவை அல்ல. இரண்டாம் முறை படகு அவருடைய சொந்தப் படகு.

டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர்பிழைத்தவர் என்பதால்தான் அவர் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த வாழ்க்கை அவரைச் செல்வராக்கவில்லை. முதல் உலகப் போரில் கடற்படைக் கலங்களுக்குத் தலைமை தாங்கியவருக்கு, போருக்குப் பின் ஒயிட் ஸ்டார் நிறுவனம் ஒரு கப்பலின் தலைமைப் பொறுப்பைத் தரவே இல்லை. டைட்டானிக்கின் நிழல் படிந்த எவரையும் அந்நிறுவனம் உயர்த்த விரும்பவில்லை என்றே தோன்றுகிறது. வேலையை விட்டு வந்து விருந்தினர் விடுதி நடத்தினார், கோழி வளர்த்தார், நிலம் வாங்கி விற்றார். மனைவி சில்வியா ஆஸ்திரேலியர். கப்பல் பயணம் ஒன்றில் அறிமுகமானவர். பிள்ளைகள் ஐவர்: மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள். ஆக, எழுவருக்கு ஒரு படகு வேண்டியிருந்தது.

1929இல் அவர் தேர்ந்தெடுத்தது படகுகூட அல்ல, ஒரு படகின் உடல் மட்டுமே. கென்ட் பகுதியில் கோனியர் என்னும் சிற்றூரின் கழியில் சேற்றில் கிடந்த பழைய கடற்படை நீராவிப் படகு அது. போர்க்கப்பல்கள் தம் மேல்தளத்தில் இத்தகைய படகுகளைச் சுமந்து செல்லும்; துறைமுகத்தை அடைந்ததும் நீரில் இறக்கிவிடும்; கரைக்கும் கப்பலுக்குமிடையே ஆட்களையும் கடிதங்களையும் கொண்டுசெல்வது அவற்றின் வேலை. தூக்கி இறக்கும்போது குலுங்கினாலும் நொறுங்காத உடற்கட்டு அவற்றுக்கு வேண்டும். போர் முடிந்தபின் கடற்படை வேண்டாமென்று கழித்துவிட்ட இத்தகைய படகுகள் மலிவாகக் கிடைத்தன. புதிதாகக் கட்டவைக்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பங்கள் அவற்றை வாங்கி மாற்றியமைத்துக்கொண்டன.

இந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியது இயந்திரம். நீராவிப் படகின் நடுவயிற்றைக் கொதிகலனும் நிலக்கரியும் நிறைத்துக்கொள்ளும். நெருப்பைப் பேண ஓர் ஆள் நாள் முழுதும் அருகிலேயே நிற்கவேண்டும். கொதிகலனை எடுத்துவிட்டு ஒரு எண்ணெய் இயந்திரத்தைப் பொருத்தினால் அவ்விடம் படுக்கையறையாகவும் அடுக்களையாகவும் மாறிவிடும். தந்தை சுக்கான் பிடிக்க, மகன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள, கூலியாள் இல்லாமலே ஒரு குடும்பம் கடல் கடக்கலாம். ஐரோப்பாவில் குடும்ப உல்லாசப் படகு பெருஞ்செல்வரின் வட்டத்தைவிட்டு வெளியே வந்த கதையில் இது முக்கியமான பகுதி. லைட்டோலர் படகை 58 அடி நீளமுள்ளதாக்கி, 1930இல் நீரில் இறக்கினார். சில்வியா அதற்கு ‘சன்டவுனர்’ என்று பெயரிட்டார். ஆஸ்திரேலியாவில் அது நாடோடியைக் குறிக்கும் சொல்: வேலை கேட்க முடியாத அளவுக்குத் தாமதமாகவும், இரவுச் சோறு கேட்கச் சரியான நேரத்துக்கும், பொழுது சாயும்போது பண்ணை வாசலில் வந்து நிற்பவன். உரிமையாளரின் நிலவரமறிந்து வைத்த பெயரோ என்னவோ.

முதலில் பொருத்தியது பெட்ரோலும் பாரஃபினும் கொண்டு ஓடும் இயந்திரம். 1936இல் அதை எடுத்துவிட்டு 72 குதிரைத் திறன் கொண்ட கிளெனிஃபர் டீசல் இயந்திரம் வைத்தார். மணிக்கு ஏறக்குறைய பத்துக் கடல் மைல் வேகம். சிறு படகு வைத்திருப்போர் அறிந்த பேரச்சம் புயலன்று, பெட்ரோல் ஆவி. காற்றைவிடக் கனமான அது படகின் அடிவயிற்றில் இறங்கித் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். டீசலுக்கு அந்தக் குணம் இல்லை. குழந்தைகளோடு படகில் உறங்குபவர் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டிய செலவு இது. படகில் ஒரே நேரத்தில் ஏறியவர்களின் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டுகளில் ஒருபோதும் 21ஐத் தாண்டியதில்லை.

1939 ஜூலையில் கடற்படையினர் அவரிடம் ஓர் உதவி கேட்டனர். விடுமுறையில் உலவும் முதிய தம்பதியராக அவரும் சில்வியாவும் ஜெர்மனியின் வடகடற்கரை ஓரமாகப் படகில் சென்று, படங்களும் வரைபடக் குறிப்புகளும் எடுத்துத் திரும்பினார்கள். எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் எழுதிய ‘தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்’ நாவலைப் படித்தவர்கள் புன்னகைப்பார்கள். அதே மணல்திட்டுகள், அதே வேலை. அங்கே இரு இளைஞர்கள், இங்கே ஓய்வுபெற்ற தாத்தாவும் பாட்டியும்.

போர் மூண்டு ஓரிரு நாட்களில் கடைசி மகன் பிரையன், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென் துறைமுகத்தின்மேல் நடந்த விமானத் தாக்குதலில் இறந்தான்.

1940 மே 14 அன்று பி.பி.சி. வானொலி ஓர் ஆணையை வாசித்தது. 30 அடியிலிருந்து 100 அடிவரை நீளமுள்ள, இயந்திரத்தால் ஓடும் உல்லாசப் படகுகளின் உரிமையாளர்கள் 14 நாட்களுக்குள் கடற்படைக்கு விவரம் அனுப்பவேண்டும். டன்கர்க்குக்காகவே இந்த ஆணை பிறந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. துறைமுகப் பணிகளுக்குச் சிறு படகுகளைச் சேர்க்கும் ஏற்பாடு அது. அந்தப் பட்டியல் கையில் இருந்தபோதுதான் பிரான்ஸில் படைகள் கடலோரத்துக்குத் தள்ளப்பட்டன. இன்னொன்றும் சொல்லவேண்டும். மீட்கப்பட்ட 3,38,226 பேரில் பெரும்பாலோர் துறைமுக அலைத்தடுப்பிலிருந்து பெரிய கப்பல்களில் ஏறியவர்கள். கடற்கரை மணலிலிருந்து ஏற்றப்பட்டவர் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சிறு படகுகள் போரை மாற்றின என்பது ஆறுதலான கதை. அவை செய்ததை அந்த அளவில் வைத்துப் பார்த்தாலும் அது சிறிதன்று.

மே 31 மாலை படகை ஒப்படைக்குமாறு அழைப்பு வந்தது. கடற்படை தன் ஆட்களை வைத்து ஓட்டிக்கொள்ளும் என்பது ஏற்பாடு. என் படகை நான்தான் ஓட்டுவேன் என்றார் லைட்டோலர். வயது 66. உடன் மூத்த மகன் ரோஜர். கடற்சாரணரான 18 வயது ஜெரால்டு ஆஷ்கிராஃப்ட். ஜூன் 1 காலை பத்து மணிக்கு ராம்ஸ்கேட்டிலிருந்து புறப்பட்டார்கள். வழியில் ‘வெஸ்டர்லி’ என்ற மோட்டார் படகு பழுதாகித் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. அதை ஒட்டிச் சென்று ஐவரை ஏற்றிக்கொண்டார். அப்போதுதான் டன்கர்க்கிலிருந்து தப்பி வந்த அந்த ஐவரும் மீண்டும் அங்கேயே போகவேண்டியதாயிற்று. விமானங்கள் தாழ வந்து சுட்டபோது அவருக்கு உதவியது, இறந்துபோன பிரையன் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்ன ஒரு நுட்பம்: விமானி சுடுவதற்காக மூக்கைத் தூக்கும் கணம்வரை பொறுத்திருந்து, அப்போது சுக்கானை முழுதாகத் திருப்பவேண்டும். மகனின் பேச்சைத் தந்தை கவனித்துக் கேட்டிருக்கிறார்.

டன்கர்க்கில் அலைத்தடுப்புச் சுவர் சன்டவுனருக்கு மிக உயரம். எனவே ‘வொர்ஸ்டர்’ என்ற நாசகாரிக் கப்பலை ஒட்டி நிறுத்தி, அதன் வழியாக வீரர்களை இறக்கிக்கொண்டார். முதலில் வந்தவர்களைக் கீழறைகளில் படுக்கவைத்தார்கள். பிறகு வந்தவர்களை மேல்தளத்தில் படுக்கச் சொன்னார்கள். நின்றால் பாரம் மேலேறிப் படகு கவிழும், படுத்தால் தாங்கும். படகு தள்ளாடத் தொடங்குவதை உணர்ந்ததும், போதும் என்று நிறுத்தினார். வரைபடமோ விதியோ அந்த இடத்தில் உதவாது. பத்தாண்டு சுக்கான் பிடித்த கைக்குத்தான் அது தெரியும். படகை வைத்திருப்பது என்பதன் பொருள் அதுதான் போலும். ராம்ஸ்கேட் வந்து கட்டும்போது எல்லோரும் எழுந்து நிற்க, படகு கவிழ இருந்தது. கீழிருந்தவர்களும் ஏறி முடித்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ 130.

இப்போது 1912 ஏப்ரலுக்குத் திரும்பவேண்டும். டைட்டானிக்கின் இடப்பக்கப் படகுகளை இறக்கியவர் லைட்டோலர். பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற ஆணையை, அவர்கள் மட்டுமே என்று எடுத்துக்கொண்டார். 65 பேருக்கான 6ஆம் எண் படகு முப்பது பேர்கூட இல்லாமல் இறங்கியது. முழுச் சுமையைக் கயிறும் கொக்கியும் தாங்குமா என்று ஐயுற்றதாக விசாரணையில் சொன்னார். தாங்கும் என்று சோதித்துப் பார்த்திருந்ததைக் கட்டியவர்கள் அங்கே சாட்சியமாகச் சொன்னார்கள். அன்றிரவு அதை அவரிடம் சொல்ல ஆளில்லை. பின்னர் அவரே கடலில் வீழ்ந்து, கவிழ்ந்து மிதந்த மடக்குப் படகின் முதுகில் ஏறினார். அலை வரும் பக்கத்துக்கு எதிராகச் சாயுங்கள் என்று ஆணையிட்டு ஆணையிட்டு, சுமார் முப்பது பேரை விடியும்வரை அதன்மேல் நிறுத்திவைத்தார்.

சன்டவுனரின் உடல் கட்டப்பட்டதும் அதே 1912இல்தான். நாவலாசிரியர் இப்படி எழுதினால் செயற்கை என்போம். பாதி நிறைந்த படகுகளுக்கு நிரம்பி வழிந்த படகு ஈடு என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு வாசகரான நம் ஆசை. 1918இல் அவர் மூழ்கடித்த யூபி 110 என்ற நீர்மூழ்கியின் தலைவர் ஃபூர்பிரிங்கர், நீரில் தத்தளித்தவர்கள்மேல் லைட்டோலரின் கலத்திலிருந்து சுட்டார்கள் என்று தம் நினைவுக்குறிப்பில் குற்றம் சாட்டியிருக்கிறார். அதையும் சேர்த்தால் எந்தத் தராசும் நேராக நிற்காது. 1940இல் அவர் பாவக் கணக்குத் தீர்க்கப் போனாரா, படகை அந்நியர் கையில் கொடுக்க மனமில்லாமல் போனாரா? இரண்டாவதற்கே என் வாக்கு.

இரண்டாம் மகன் டிரெவர், தந்தை புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே டன்கர்க்கிலிருந்து மீண்டிருந்தான். தந்தைக்கு அது தெரியாது. ரோஜர் 1945 மார்ச்சில், போர் முடியும் தறுவாயில், பிரான்ஸின் கிரான்வில் துறைமுகத்தில் ஜெர்மானியர் நடத்திய திடீர்த் தாக்குதலில் இறந்தான். 1946இல் சன்டவுனர் குடும்பத்திடம் திரும்பி வந்தது. தேம்ஸ் கரையில் படகுப் பட்டறை வைத்து, ஆற்றுக் காவல்துறைக்கும் பிறருக்கும் சிறு படகுகள் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த லைட்டோலர், 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடியிருந்த நாட்களில் காலமானார். அவருக்குப் பிறகு படகை வைத்துக்கொண்டவர் அதற்குப் பெயரிட்ட சில்வியா.