திராட்சைத் தோட்டத்து அன்னையும் மிதிவண்டிப் பயணிகளும்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே ஆர்மனாக் என வழங்கும் நிலப்பகுதியில், லபஸ்தீத்-தார்மனாக் என்னும் சிற்றூருக்குச் சற்று வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கற்கோயில் நிற்கிறது. 11ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கும் முன்னர் உரோமையர் காலத்து மாளிகையொன்று இருந்த இடம் அது. வெளித்தோற்றத்தில் அந்நாட்டு நாட்டுப்புறங்களில் காணும் எண்ணற்ற பழங்கோயில்களுள் ஒன்றுதான். உள்ளே கால் வைத்தவர் திகைத்து நிற்பார். புனிதர்களின் சுரூபங்களைத் தேடும் கண்ணுக்கு மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு எனப் பல நிறச் சட்டைகளே சுவரெங்கும் தெரியும். மிதிவண்டிப் பந்தய வீரர்கள் அணிந்து ஓடிய சட்டைகள் அவை. அங்குவெத்தில், பூலிதோர், மெர்க்ஸ் எனப் புகழ்பெற்ற பெயர்கள் அவற்றுக்கு உரியன. வண்ணக் கண்ணாடிச் சன்னலை வரைந்தவரும் ஒரு பந்தய வீரரே. ஆன்றி ஆங்கிலாத் என்னும் அவர், 1959ஆம் ஆண்டின் 'தூர் தெ பிரான்ஸ்' பெரும்பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றவர்.

இக்கோயிலின் பெயர் 'மிதிவண்டி ஓட்டுநரின் அன்னை' என்பதாகும். இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு முகம் சுளிக்கவே தோன்றியது. வியர்வைச் சட்டைக்கும் திருப்பீடத்துக்கும் என்ன உறவு? விளையாட்டுக் காட்சிக்கூடம் ஒன்றைக் கோயிலென்று அழைப்பது தகுமா? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமாயின் அக்கோயிலுக்குப் போகும் சாலையைத்தான் முதலில் அறிய வேண்டும்.

கிழக்கிலிருந்து வருவோம். கொந்தோம் நகரின் பேராலயத்தை விட்டு மேற்கே புறப்படும் பயணி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்குள் லாரெசெங்கல் என்னும் ஊரை அடைகிறார். ஊர் என்பதைவிட ஒரு மதிலுக்குள் ஒடுங்கிய சில வீடுகள் என்பதே பொருந்தும். 13ஆம் நூற்றாண்டு மதில், அகழி, ஒரே வாயில், நடுவே கோயில். அதன் அருகில் ஓஸ் ஆற்றின் மேல் ஆர்த்தீக் பாலம் கிடக்கிறது. பாலத்தின் வளைவுகள் எளியவை; ஆனால் அதைக் கட்டியது யாருக்காக என்பது குறிப்பிடத்தக்கது. இசுபானிய நாட்டின் கொம்போஸ்தெல்லாவில் உள்ள புனித சந்தியாகப்பரின் கல்லறையை நோக்கி நடந்த திருப்பயணிகளுக்காகக் கட்டினார்கள். லெ புயீ நகரிலிருந்து புறப்படும் பழைய திருப்பயணப் பாதை இவ்வழியே செல்கிறது. பிரான்சு நாட்டுத் திருப்பயணப் பாதைகளை 1998இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இப்பாலத்தையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டது.

சற்றே வடக்கே ஒதுங்கினால் ஃபூர்செஸ் என்னும் ஊர். அதன் சதுக்கம் சதுரமன்று, வட்டம்! வட்டத்தைச் சுற்றி வீடுகள். வீடுகளின் முன்புறம் மரத்தூண்களும் கல்வளைவுகளும் தாங்கும் தாழ்வாரம். அங்கிருந்து மொன்றெயால், 1255ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இவ்வட்டாரத்தில் மன்னர்களும் பிரபுக்களும் திட்டமிட்டுப் புதிய ஊர்களை நூற்றுக்கணக்கில் எழுப்பினார்கள். அவற்றுக்குப் 'பஸ்தீத்' என்று பெயர். சதுரங்கப் பலகை போல் நேர் தெருக்கள், நடுவில் சந்தைச் சதுக்கம், சதுக்கத்தின் ஓரத்தில் கோயில். குடியேறுவோர்க்கு மனையும் சில உரிமைகளும் எழுத்தில் உறுதி செய்து கொடுத்தார்கள். மண்ணோடு பிணைக்கப்பட்டிருந்த ஏழை உழவனுக்கு இது சிறிய செய்தியன்று.

மொன்றெயாலின் அருகில் செவியாக் என்னுமிடத்தில் உரோமையர் மாளிகையின் வண்ணக்கல் தளங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. மேலும் மேற்கே எயோஸ் நகரம். ஒரு காலத்தில் உரோமை மாநிலமொன்றின் தலைநகர். 1985இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஏறத்தாழ 28,000 பழங்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதற்கப்பால் திராட்சைக் கொடிகளும் சோளக் கொல்லைகளும் மாறி மாறி வர, மாலைக்குள் லபஸ்தீத்தின் கல்வளைவுச் சதுக்கத்தை அடைந்துவிடலாம். ஆர்மனாக் பிரபு 1291இல் நிறுவிய ஊர் இது. பாரிசின் புகழ்பெற்ற வோழ் சதுக்கத்துக்கு இதுவே முன்மாதிரி என்று ஊரார் சொல்வதுண்டு. ஊர்ப் பெருமை எங்கும் ஒன்றுதான். அதற்கு நான் பிணை நிற்கவில்லை.

இத்தனையும் ஒரே நாள் மிதிப்பில் அடங்கும். மகிழுந்தில் வருபவர் இதை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுவார். நடப்பவர்க்கு மூன்று நாளாகும். மிதிவண்டியோ இரண்டுக்கும் நடுவே செல்கிறது. மேட்டில் ஏறும்போது நடப்பவரின் வேகம். அப்போதுதான் சாலையோரச் சிலுவையும், ஊர் முகப்பில் நிற்கும் நினைவுத்தூணும் கண்ணில் படுகின்றன. அத்தூண் பிரான்சின் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் உண்டு. முதல் உலகப்போரில் அந்நாடு 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. இருநூறு பேர் வாழும் சிற்றூரின் தூணிலும் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும். தண்ணீர்க் குழாயருகே வண்டியைச் சாய்த்துவிட்டு அவ்வரிசையைப் படிப்பவருக்கு, இவ்வூர்கள் ஏன் இத்தனை அமைதியாக இருக்கின்றன என்பது ஓரளவு விளங்கும்.

இச்சாலைகளில் எளிய மக்களை ஏற்றிவிட்ட வரலாறும் சுவையானது. தொடக்கத்தில் மிதிவண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருள். பின்னர் பந்தயக்காரர்களின் கருவி. அதைப் பயணத்துக்குரிய துணையாக்கியவர்களுள் முதன்மையானவர் போல் தெ விவி. 1853இல் பிறந்த இவர், செந்தெத்தியேன் நகரில் பட்டு வணிகம் செய்தவர். 1887இல் ஓர் இதழைத் தொடங்கி 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். மேட்டுக்கும் சமவெளிக்கும் ஏற்றபடி பற்சக்கரத்தை மாற்றிக்கொள்ளும் கியர் அமைப்புக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். 'தூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெகிராஞ்சோ, கியர் என்பது வயதானவர்க்கும் வலுவற்றவர்க்கும் உரியது என்று ஏளனம் செய்தார்; தம் பந்தயத்தில் 1937 வரை அதை முழுமையாக அனுமதிக்கவில்லை. வெலோசியோவின் நோக்கமே அந்த வயதானவரும் வலுவற்றவரும் மலையேற வேண்டும் என்பதுதான்! பயணிகளுக்கு அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று, தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்கலாகாது என்பது. உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் நண்பர்களோடு தெற்கே புரோவான்சு நாட்டுக்கு மிதித்துச் செல்வது அவர் வழக்கம். 1930இல் அவர் இறந்த பின்னரும் பிரான்சின் மிதிவண்டிப் பயணிகள் அவ்விழா நாளில் அங்குக் கூடுவதை மரபாகக் கொண்டனர்.

கியர் மட்டும் போதுமா? ஓய்வு நாளும் இரவில் தலைசாய்க்க இடமும் வேண்டுமே. இடத்தைப் பற்றி நினைத்தவர் நம் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் என்பதைப் பலர் அறியார். மார்க் சாஞ்ஞியே என்னும் பொதுநிலையினர், மக்களாட்சியையும் கத்தோலிக்க நம்பிக்கையையும் இணைக்க முயன்று 'சியோன்' என்னும் இயக்கத்தை நடத்தினார். 1910இல் திருத்தந்தை புனித 10ஆம் பத்திநாதர் அவ்வியக்கத்தைக் கண்டித்தபோது, முணுமுணுக்காமல் பணிந்து அதைக் கலைத்தார். அதே மனிதர்தாம் 1929இல் பியேர்வில் என்னுமிடத்தில் பிரான்சின் முதல் இளைஞர் விடுதியைத் தோற்றுவித்தார். குறைந்த கட்டணத்தில் படுக்கையும் கூரையும் தரும் இத்தகைய விடுதிகள் பின்னர் நாடெங்கும் பரவின. அடுத்து 1936 சூன் மாதச் சட்டம், தொழிலாளர்க்கு ஊதியத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையை உரிமையாக்கியது. அவ்வாண்டுக் கோடையில் ஆலைத் தொழிலாளரும் அவர்தம் மனைவியரும் இருவர் மிதிக்கும் வண்டிகளில் நாட்டுப்புறம் நோக்கிப் புறப்பட்டனர். பலர் தம் நாட்டின் கடலையே அப்போதுதான் முதன்முறையாகக் கண்டனர்.

ஆனால், நகரத்தார் ஊர்களைக் காணப் புறப்பட்ட காலத்திலேயே ஊரார் நகரங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தனர். போரும் தொழிற்சாலையும் சிற்றூர்களை மெலிவித்தன. 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பழைய பங்குக் கோயில்கள் ஊராட்சியின் உடைமை, வழிபாட்டுக்குத் திறந்துவிடப்பட்டவை. வழிபடுவோர் குறையக் குறையக் கதவுகள் மூடின. பல ஊர்களில் கோயிலைக் காண விரும்பும் பயணி, ஊராட்சி அலுவலகத்திலோ எதிர்வீட்டுப் பாட்டியிடமோ சாவி கேட்டு வாங்க வேண்டும்.

இந்தச் சூழலில்தான் லபஸ்தீத்துக்கு அண்மையிலுள்ள கிரெயோன் ஊரின் பங்குத்தந்தை அருட்தந்தை யோசேப் மாசி வருகிறார். மிதிவண்டியில் ஆர்வம் மிக்கவர். 1950களின் இறுதியில் இத்தாலி சென்றபோது, கோமோ ஏரியை ஒட்டிய மலைமேல் கிசாலோ அன்னையின் சிற்றாலயத்தைக் கண்டார். மலையேறிக் களைத்த மிதிவண்டியர் மூச்சுவாங்க நிற்குமிடம் அது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1949இல் அவ்வன்னையை மிதிவண்டியரின் பாதுகாவலியாக அறிவித்திருந்தார். ஊர் திரும்பிய மாசி அடிகளாரின் உள்ளத்தில், திராட்சைத் தோட்டத்தில் பயனற்றுக் கிடந்த பழங்கோயில் எழுந்தது. உரோமைக்கு விண்ணப்பித்தார். 1959 மே 18 அன்று திருத்தந்தை புனித 23ஆம் அருளப்பர் அதை மிதிவண்டியரின் நாட்டுத் திருத்தலமாக ஏற்று அன்னையின் காவலில் வைத்தார். 1989இல் 'தூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தின் ஒரு கட்டம் இவ்வூரிலிருந்தே புறப்பட்டது.

அடிகளார் செய்ததை விளம்பரம் என்று சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு சட்டை, லூயிஸ் ஒக்காஞ்ஞாவினுடையது.

1945இல் இசுபானியாவின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகப் பெற்றோரோடு பிழைப்புத் தேடி இப்பகுதிக்கு வந்தவர் அவர். தச்சு வேலை கற்றார், மிதிவண்டியும் ஓட்டினார். இளம் வீரராயிருந்தபோது இந்தக் கோயிலில்தான் அவருடைய திருமணம் நடந்தது. 1971 பெரும்பந்தயத்தில், வெல்லவே முடியாதவர் எனப் பேர்பெற்ற மெர்க்ஸை ஏழு நிமிடங்களுக்கும் மேல் பின்தள்ளி மஞ்சள் சட்டையோடு முன்னணியில் நின்றார். பிரனீ மலையின் மாந்தெக் கணவாயில் கொட்டும் மழையில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். எழுமுன் பின்னால் வந்தவர் மோதினார். பந்தயம் அங்கேயே முடிந்தது. மறுநாள் மெர்க்ஸ், விழுந்தவனிடமிருந்து வந்த சட்டையை அணிய மறுத்துவிட்டார். 1973இல் ஒக்காஞ்ஞா வென்றார். பின்னர் இதே ஆர்மனாக் மண்ணில் திராட்சை பயிரிட்டார். தொழிலில் நட்டம், விபத்துகள், தீரா நோய். 1994 மே மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவருடைய இறுதிச் சடங்கும் இந்தக் கோயிலில்தான் நடந்தது. சென்ற தலைமுறையினருக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்க்குக் கிறித்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அத்தடையை நீக்கியது. கடும் மனக்கலக்கமோ துன்பமோ ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது. அந்நூல் வெளிவந்து இரண்டாண்டு ஆவதற்குள் இவ்வளவு சிறிய கோயில் அதைச் செய்து காட்ட நேர்ந்தது. தோட்டத்தில் பாழாய்ப் பூட்டிக் கிடந்திருந்தால், அந்த இளைஞர் மணமுடிக்கவும் இவ்விடமில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அவரைத் தூக்கி வரவும் இவ்விடமில்லை.

இன்று அங்கே செல்வோருள் பந்தய வீரர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் பின்னிருக்கையில் பையைக் கட்டிக்கொண்டு, மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற சாதாரணப் பயணிகள். தூய ஆவி பெருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை, மிதிவண்டியருக்கென்றே அங்கே திருப்பலி நடைபெறுவது வழக்கம். கோயில் மிகச் சிறியது. பலர் வெளியே மரநிழலில், தம் வண்டிகளைக் கையில் பிடித்தபடியே நின்று திருப்பலி காண்பர்.