அஞ்சப்பட்ட தெய்வமும் அறம் வளர்த்த குன்றும்

அச்சம் மிகுந்து அன்பு குன்றிய வழிபாடு எத்தகையது என்பதைப் பண்டைக் கிரேக்கரின் போர்த் தெய்வமாகிய ஏரெஸின் வரலாறு இனிது விளக்குகின்றது.

தேவர் கோமானாகிய சீயஸுக்கும் அவன் தேவியாகிய ஹீராவுக்கும் பிறந்த மைந்தன் ஏரெஸ். குருதியும் கொலை வெறியுமே அவனுக்கு உவப்பு. திராய்ப் போரிலே, அத்தீனா தேவியின் துணைபெற்ற டயோமிடீஸ் என்னும் மானிட வீரன் அவனை ஈட்டியாற் புண்படுத்தினான். அலறியவாறு தந்தைபாற் சென்று முறையிட்ட மகனை, ஒலிம்பஸ் மலையில் வாழும் தெய்வங்களுள் மிக்க வெறுப்புக்குரியவன் என்று சீயஸ் கடிந்துரைத்தான். ஆயினும் மகனென்பதால் புண்ணை ஆற்றுவித்தான். இச்செய்தியை ஹோமரின் இலியட் காவியம் கூறும்.

அத்தீனாவும் போர்த் தெய்வமே. எனினும் மதிநுட்பமும் நகர் காத்தலும் அவளுக்கு உரியன. ஆதலின் ஏதென்ஸ் மக்கள் தம் நகரின் உச்சியில் பார்த்தினான் என்னும் பேராலயத்தை அவளுக்கே எடுத்தனர்.

ஆயினும் ஏரெஸை அவர்கள் அறவே ஒதுக்கினர் என்பதற்கில்லை. ஏதென்ஸுக்கு வடக்கேயுள்ள அக்கார்னேயில் கிடைத்த, கி.மு. 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், படைக்கலம் ஏந்தும் இளைஞர் உரைக்கும் சூளுரைக்குச் சான்றாக விளங்கும் தெய்வங்களுள் ஏரெஸும் ஒருவன். ஸ்பார்ட்டாவிலோ போர்த் தெய்வத்தின் பழைய திருவுருவம் விலங்கிடப்பட்டிருந்தது. அத்தெய்வம் தம்மை விட்டு அகலலாகாது என்பதே அதன் கருத்து என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் யாத்திரை செய்த பாசேனியஸ் எழுதியுள்ளார்.

ஏதென்ஸ் நகரின் பொதுவெளியில் ஏரெஸுக்கு அமைந்த ஆலயத்தின் கதை வியப்புக்குரியது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் பல்லேனே என்னும் ஊரில் எழுந்த அச்சலவைக்கல் ஆலயம், ரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்திற் பிரித்தெடுக்கப்பட்டு நகரினுள் மீண்டும் நிறுவப்பட்டது. ஒவ்வொரு கல்லும் தன் இடத்திலேயே அமையுமாறு கற்றச்சர் பொறித்த அடையாள எழுத்துகள் இன்றும் காணப்படுகின்றன. பல்லேனேயில் அது அத்தீனாவின் ஆலயமாக விளங்கியது என்பது அறிஞர் பலர் கருத்து.

ஏரெஸின் பெயர் நிலைபெற்ற மற்றோரிடம் அரியோபகஸ் குன்று. தன் மகளை மானபங்கம் செய்ய முயன்ற கடல் தெய்வத்தின் மைந்தனை ஏரெஸ் கொன்றான். தேவர்கள் அக்குன்றிற் கூடி வழக்கை ஆராய்ந்து அவனை விடுவித்தனர் என்பது புராணம். வரலாற்றுக் காலத்திலும் ஏதென்ஸ் நகரின் கொலை வழக்குகளை விசாரித்த மன்றம் அங்கேயே கூடியது. பழிக்குப் பழி வாங்கும் உரிமையைக் கொலையுண்டவனின் சுற்றத்தார் கைவிட்டு, மன்றத்தின் தீர்ப்புக்குத் தலைவணங்கினர். போர்த் தெய்வமே குற்றவாளியாய் நின்று தீர்ப்பை ஏற்றான் எனின், மாந்தர் ஏற்கத் தயங்குவரோ? வலிமை அறத்திற்கு அடங்கவேண்டும் என்னும் உண்மையை அக்கிரேக்கர் உணர்ந்து போற்றிய இடம் அக்குன்றேயாகும்.